தங்கம்மாள் நின்ற படம்

தங்கம்மாளுக்கு அந்த ஆபீஸில் யாரையும் பிடிக்காது. முப்பத்தொரு வருஷமாகச் சிதம்பரத்தில் பஸ் ஏறி, கடலூரில் இறங்கி, பூட்டைத் திறந்து, மேசை துடைத்து, டீ வாங்கி, ஃபைல் கட்டுகளைத் தூக்கி வந்தவள். கணவன் அங்கே ரெக்கார்டு கிளார்க்காக இருந்து செத்துப்போனதால், கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. கருணை என்று ஒன்றை அந்த ஆபீஸில் அவள் பார்த்தது அந்த ஆர்டர் காகிதத்தில் மட்டும்தான்.

எத்தனையோ சூப்பிரண்டுகளைப் பார்த்துவிட்டாள். ஒருவர் தூங்குவார். இன்னொருவர் தூங்குவது தெரியாமலிருக்க முகத்துக்கு நேரே ஃபைலைப் பிடித்துக்கொள்வார். கடைசியாக வந்த ஞானசேகரனுக்கு அந்தச் சாமர்த்தியமும் கிடையாது. கண்ணைத் திறந்துகொண்டே சும்மா இருப்பார். மனு கொண்டுவருகிறவர்களின் தலை வாசலில் தெரிந்தால் போதும், எழுந்து பீரோவுக்குப் பின்னால் போய்விடுவார்.

"மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லு தங்கம்மா."

குமராட்சிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து நிற்கிறவர்களிடம் அவள் அந்தப் பொய்யைச் சொல்லுவாள். சொன்ன வாயைக் குழாயடியில் கொப்புளித்துவிட்டு, டம்ளர் கழுவிக்கொண்டே அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். பீரோவுக்குப் பின்னால் நடந்த அந்த மீட்டிங்குகளில் பஜ்ஜிக்கு மட்டும் ஒரு நாளும் குறைவிருந்ததில்லை.

இப்படிப்பட்ட ஆட்களோடு ஒரு படத்தில் நிற்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள் என்றால் நம்புவது கஷ்டம். ஆனாலும் ஆசைப்பட்டாள். சூப்பிரண்டு அறையில் பிரிவுபசாரப் படங்கள் எட்டு மாட்டியிருந்தார்கள். தினமும் காலையில் அவற்றைத் துடைக்கிறவள் அவள். எட்டிலும் அவள் இல்லை. ஒன்றில் மட்டும் ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். யாரோ ஒரு மேடத்தின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவளுடைய முழங்கை அது. அந்த எட்டுக் கூட்டத்திலும் உருப்படியாக வேலை பார்த்த ஓர் ஆளைக் காட்டு என்றால் அவளால் காட்ட முடியாது. அவர்களெல்லாம் சுவரில் இருக்கிறார்கள், நான் துணியோடு நிற்கிறேன் என்று அவளுக்கு வயிறு எரியும்.

அவளுக்கும் ஞானசேகரனுக்கும் ஒரே நாளில் பணி ஓய்வு வந்தது. இந்தத் தடவை விட்டுவிட முடியாது என்று ஊதா நிறத்தில் புதுப் பட்டுச்சேலை எடுத்து, ரவிக்கை தைத்து, அன்றைக்குக் கட்டிக்கொண்டு வந்தாள். ஆபீஸில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

"ஆபீஸ் வாசல்ல எடுத்தா ஆபீஸ் மாரியே இருக்கும்" என்று ஞானசேகரன் எல்லோரையும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கிளப்பினார். அவர் சேர்ந்த நாள் முதல் ஆபீஸில் எடுத்த ஒரே முடிவு அதுதான். போய்ச் சேர்வதற்குள் வெயில் இறங்கிவிட்டது. நடுவில் நாற்காலி போட்டு அவர் மாலையோடு உட்கார்ந்தார். பக்கத்தில் உதவியாளர் அறிவழகன், டைப்பிஸ்ட் சத்யப்பிரியா, இன்னும் நான்கு பேர். யார் சாருக்குப் பக்கத்தில் நிற்பது என்று அவர்கள் தள்ளிக்கொண்டதைப் பார்க்கத் தங்கம்மாளுக்கு அருவருப்பாக இருந்தது. நாளைக்கு இந்த ஆள் பென்ஷனர்; இவரை இடித்துக்கொண்டு நின்று என்ன ஆகப்போகிறது?

படம் எடுக்க வந்த அருண்குமார் கேமராவில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "பின்னாடி வானம் வெளிச்சமா இருக்குது சார். இப்பிடியே எடுத்தா மூஞ்சியெல்லாம் கருப்பா வரும். ஃப்ளாஷ் வச்சிக்கிறேன்."

பேட்டரியில் எரியும் ஃப்ளாஷ் இரண்டு வைத்திருந்தான். ஒன்றைக் கூட்டத்துக்குப் பின்னால் ஓரமாக நிறுத்தி, காற்றில் சாயாமலிருக்க அதன் ஸ்டாண்டில் தன் பையைத் தொங்கவிட்டான். தலையும் தோளும் வானத்தோடு ஒட்டாமல் தெரிய அந்த ஃப்ளாஷ். மற்றதை முன்னால் இடப்பக்கம் உயரமாக நிறுத்தி, வெளிச்சம் எல்லார் முகத்திலும் மெத்தென்று பரவ வெள்ளைக் குடை விரித்தான். விரித்ததுதான் தாமதம், கடல்காற்று அதை ஸ்டாண்டோடு தூக்கப் பார்த்தது.

"யாராச்சும் ஒருத்தர் புடிச்சிக்கிட்டா நல்லாருக்கும்."

"தங்கம்மா!" என்றார்கள் ஏழு பேரும்.

கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. அவள் ஏற்கெனவே போய் ஸ்டாண்டைப் பிடித்திருந்தாள். பிடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. அவர்கள்மேல் இத்தனை வருஷம் வைத்திருந்த வெறுப்பையெல்லாம் அந்த நிமிஷம் தன் கையின்மேல் வைத்தாள். மானங்கெட்ட கை.

முதல் படத்தை அருண்குமார் கேமராவின் பின்புறத்தில் காட்டினான். ஏழு முகங்களும் பளிச்சென்று வந்திருந்தன. பீரோவுக்குப் பின்னால் ஒளிகிற முகம்கூட மகாராஜா மாதிரி இருந்தது. இந்த வெளிச்சத்தைக் கொடுப்பது தான்தான் என்பது அப்போது அவளுக்குப் புரிந்தது. அடுத்த படத்துக்குக் குடையை மெல்ல மணல் பக்கம் சாய்த்தாள். மகாராஜா கரிச்சட்டி ஆனார்.

"இன்னா தம்பி, இருட்டா இருக்குது?" என்றார் ஞானசேகரன்.

அருண்குமார் அவளைப் பார்த்தான். அவன் கண்ணுக்கு அந்தப் பட்டுச்சேலை தெரிந்திருக்க வேண்டும். "காத்து சார்" என்றான்.

மூன்றாவதும் கரி.

"தங்கம்மா, ஒழுங்காப் புடி!"

"எனக்கும் இன்னிக்குத்தான் சார் ரிட்டயர்மென்ட்டு" என்றாள் அவள். "நானும் படத்துல நிக்கணும். யாராச்சும் வந்து இதப் புடிங்க."

ஒருவரும் அசையவில்லை. அறிவழகன் சட்டைப் பையில் இல்லாத எதையோ தேடினான். சத்யப்பிரியா முந்தானையைச் சரிசெய்தாள். ஒரு படத்திலிருந்து ஐந்து நிமிஷம் விலகி நிற்க அந்த ஏழு பேரில் ஓர் ஆள் இல்லை.

"ஒன்ன அப்பறமா தனியா எடுக்கச் சொல்றேன் தங்கம்மா" என்றார் ஞானசேகரன்.

"தனியா எடுக்கறதுக்கு இது இன்னா ஆதார் கார்டா சார்?"

அருண்குமார் வந்து குடையைக் கழற்றி மடக்கினான். ஸ்டாண்டின் கால்களை மணலில் அழுத்திப் புதைத்தான். "குடை இல்லாட்டி இது தானா நிக்கும். நீங்க போங்கம்மா."

அவள் போய், ஸ்டாண்டு இருந்த பக்கமாகவே, நாற்காலியை ஒட்டி நின்றாள். சத்யப்பிரியா முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கினாள். அருண்குமார் ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"குடை இல்லாததால வெளிச்சம் நேரா அடிக்குதும்மா. ஒங்க நிழலு சார் மூஞ்சியில விழுது. கொஞ்சம் பின்னாடி போறீங்களா?"

"விழட்டும் தம்பி. நீ எடு."

ஞானசேகரன் அண்ணாந்து அவளைப் பார்த்தார். பிறகு அறிவழகனைப் பார்த்தார். அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு வழியில்லாமல் எழுந்து, கழுத்து மாலை தொங்கத் தொங்கக் குனிந்து, தன் நாற்காலியைத் தானே தூக்க ஆரம்பித்தார். நாற்காலியின் கால்கள் மணலில் புதைந்திருந்ததால் அது வரவில்லை.

தங்கம்மாளின் வலது கை அதைத் தூக்கிவிடக் கிளம்பிவிட்டது. இடது கையால் அதை எட்டிப் பிடித்து, வயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். அவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்காரும்வரை விடவில்லை. உட்கார்ந்த பிறகும் விடவில்லை. படத்தில் சிரித்தபடி நிற்கிறாள். கைகளைப் பார்த்தால் யாரையோ பிடித்து வைத்திருக்கிற மாதிரி இருக்கும்.