குடல்வாலும் பிரபஞ்சமும்

நான் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார், கம்பி வடம், பிரேக், கதவை நகர்த்தும் சின்ன உருளைகள் என்று லிஃப்டில் எதைக் கழற்றினாலும் அது எதற்கென்று சொல்லிவிடலாம். அந்தத் தெம்பில் பிரபஞ்சத்தையும் கழற்றிப் பார்க்கக் கிளம்பியவன் நான். யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்வேன்.

"காரணம் இல்லாம ஒண்ணும் நடக்காது. எல்லாத்துக்கும் காரணம் இருந்தா மொத்தத்துக்கும் ஒரு நோக்கம் இருக்கணும். ஆகவே..."

அந்த 'ஆகவே'யில் கூட்டம் டீ டம்ளரோடு கலைந்துவிடும். வேலையிடத்தில் எனக்கு அதுவே பெயராகிவிட்டது. 'ஆகவே வந்தாச்சா?' என்றுதான் மேலாளரே விசாரிப்பார். பட்டப்பெயர் என்று நினைக்காமல் நான் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

என் மனைவி செருப்புக் கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க அடுத்தவர் காலைப் பார்த்துவிட்டு வருகிறவளிடம் நான் நட்சத்திரங்களைப் பற்றிப் பேசுவேன். தலையாட்டுவாள். ஒப்புக்கொள்கிறாள் என்று நினைத்தேன். தூங்கி விழுகிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் காலை வயிற்றின் வலது பக்கம் சுருக்கென்றது. வேறு யாராக இருந்தாலும் மருத்துவரிடம் போயிருப்பார்கள். நான் தர்க்கத்திடம் போனேன். உடம்பில் எதுவும் வீணாக நடக்காது. வலியும் உடம்பில் நடப்பதுதான். ஆகவே அதற்கொரு நல்ல நோக்கம் இருக்கும், அது முடிந்ததும் வலி தானே போய்விடும். எங்கும் ஓட்டை தெரியவில்லை. மனைவியிடம் மூச்சு விடவில்லை.

மறுநாள் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், ஸ்பேனரும் கையுமாகச் சுருண்டு விழுந்தேன். கூட வேலை செய்தவர் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தனை படிக்கட்டும் இறங்கினார். லிஃப்டைக் கழற்றிப் போட்டிருந்தவன் நான்தான்.

குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததாம். வெட்டி எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும், அது எதற்காக அங்கே இருந்தது என்று மருத்துவரிடம் கேட்டேன். ஏதோ கொஞ்சம் பயன் உண்டு என்று சிலர் சொல்வதாகவும், என்னுடையதில் சீழைத் தவிர ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். நான் விடவில்லை. என்னை இங்கே கொண்டுவந்து சேர்ப்பதே அதன் நோக்கமாக இருந்திருக்கலாம் என்றேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி போகவில்லை.

"நம்ம வீட்ல எல்லார் காலுக்கும் செருப்பு இருக்குல்ல?" என்றாள்.

"இருக்கு."

"அதுக்காக வீட்டுக்கும் ஒரு ஜோடி வாங்கணுமா?"

சிரிக்கப் பார்த்தேன். தையல் இழுத்தது.

அவள் போன பிறகு மின்விசிறியைப் பார்த்தபடி யோசித்தேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு என்பதிலிருந்து மொத்தத்துக்கும் உண்டு என்று தாவியிருக்கிறேன். போதாததற்கு, காரணத்தில் ஏறி நோக்கத்தில் இறங்கியிருக்கிறேன். பிரேக்குக்கு ஒரு நோக்கம் இருப்பதே மேலே போகவேண்டிய ஆள் ஒருவர் இருப்பதால்தான். பிரபஞ்சத்தில் ஏறி யார் எந்த மாடிக்குப் போகிறார்கள்? அப்படி ஒருவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தர்க்கம் அதைச் சொல்லாது. மாவு மில் மாதிரி, போட்டதை ஒழுங்காக அரைத்துத் தரும், அவ்வளவுதான். இத்தனை வருடமாக நான் போட்டது உமி.

இந்த ஞானத்தை மாலையில் அவளிடம் ஒப்பித்தேன். ஆரஞ்சை உரித்துக்கொண்டே கடைசி வரை கேட்டாள். தூங்கவில்லை.

"அதெல்லாம் எப்படியோ போகட்டும். வலிச்சப்ப என்கிட்ட ஏன் சொல்லல?"

"வலி தானே போயிடும், ஆகவே..." என்று ஆரம்பித்தேன்.

"உயிரோட இருக்கீங்களான்னே தெரியாம ஓடி வந்தேன்" என்றாள். இருந்ததில் பெரிய சுளையைப் பிரித்து என்னிடம் நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டபோது பிரபஞ்சம் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று தோன்றியது.

இப்போதெல்லாம் லேசாகத் தலை வலித்தாலும் அவள் கடைக்குப் போன் செய்துவிடுகிறேன். போன வாரம் தும்மியதற்கும் செய்தேன். தும்மலின் நோக்கம் பற்றி ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று கேட்டாள். நான் தொண்டையைச் செருமுவதற்குள் வைத்துவிட்டாள்.