அப்பா கொம்பிரசர் தெரிவுசெய்த பதினொரு மாதங்கள்

ஒரு கொம்பிரசரைத் தெரிவுசெய்ய எங்கள் அப்பாவுக்குப் பதினொரு மாதங்கள் எடுத்தன. அதற்குள் எங்கள் வாய்க்கால் கரையில் ஒரு போகம் விளைந்து அறுவடையாகி அடுத்த போகம் விதைத்தாகிவிட்டது. பளையில் இருந்த மாமாவுக்குப் பெண் பார்த்து, கலியாணம் முடிந்து, மாமி முழுகாமலும் இருந்தா. எனக்கு இரண்டு பற்கள் விழுந்து முளைத்தன. அப்பா மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தார்.

நாங்கள் இருந்தது கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்திலிருந்து வரும் வாய்க்கால் ஒன்றின் ஓரத்தில். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் வயலும், வீட்டோடு சேர்த்து இறக்கிய ஒரு தகரக் கொட்டிலும் இருந்தன. அந்தக் கொட்டில்தான் அவருடைய பட்டறை. அயலில் உள்ள சைக்கிள்கள், தண்ணீர் இறைக்கும் மெசின்கள், உழவு இயந்திரங்களின் ரயர்கள் எல்லாம் அங்கேதான் வரும். ரயரில் ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டுவது அப்பா. ஒட்டியதற்குக் கைப்பம்பால் காற்றடிப்பது நானும் அக்காவும். உழவு இயந்திரத்தின் பின் ரயர் ஒன்றைக் கைப்பம்பால் நிறைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் எங்கள் துன்பம் விளங்கும். நூறு அடி அக்கா, நூறு அடி நான் என்று மாறி மாறி அடித்து, உள்ளங்கை கன்றி, மூச்சு வாங்கி நிமிர்ந்தால் ரயர் அப்போதும் துவண்டுபோய்க் கிடக்கும்.

ஆகவே கொம்பிரசர் வாங்கப் போவதாக அப்பா சொன்னபோது எங்கள் வீட்டில் அதிகம் சந்தோஷப்பட்டது நானாகத்தான் இருக்கும். காற்றை அமுக்கித் தாங்கியில் அடைத்து வைக்கிற இயந்திரம், குழாயைப் பொருத்தினால் ரயர் தானாக நிறையும் என்று அவர் விளக்கினார். அடுத்த கிழமையே வந்துவிடும் என்று நம்பினேன்.

கிளிநொச்சி ரவுணில் இருந்த ஒரு கடையில் இரண்டு கொம்பிரசர்கள் இருந்தன. ஒன்று நீல நிறம்; கறண்டில் ஓடுவது; சத்தம் குறைவு; சுவிச்சைத் தட்டினால் போதும். மற்றது பச்சை, மண்ணெண்ணெய் இயந்திரம் பூட்டியது, கயிறு சுற்றி இழுக்க வேண்டும், ஊரைக் கூட்டுகிற சத்தம். எங்கள் வீட்டில் கறண்ட் இல்லை. கறண்ட் தூண்கள் ரவுணிலிருந்து வந்து, எங்கள் சந்திக்கு வந்ததும் களைத்தவை போல நின்றுவிட்டிருந்தன. சந்தியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கை அரை மைல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று பத்து வயதில் எனக்கே தெரிந்தது.

அப்பா யோசித்தார். முதல் தடவை கடைக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரர் சோடா உடைத்துத் தந்தார். அப்பா இரண்டு இயந்திரங்களையும் சுற்றி வந்தார், குந்தியிருந்து தாங்கியின் ஒட்டுகளைத் தடவினார், அடியில் தண்ணீர் வடிய விடுகிற சிறு குழாயைத் திறந்து மூடினார், யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தார். இரண்டாம் தடவை தேத்தண்ணி கிடைத்தது. மூன்றாம் தடவை இருக்கக் கதிரை மட்டும். ஐந்தாம் தடவை கடைக்காரர் எங்களைக் கண்டதும் உள்ளே ஏதோ வேலை இருப்பதுபோலப் போய்விட்டார்.

வீட்டுக்கு வருகிறவர்களும் தப்பவில்லை. கடிதம் கொண்டுவருபவர், நெல் வாங்க வந்த வியாபாரி, கோயில் ஐயர் என்று எல்லாரிடமும் அப்பா கொம்பிரசரைப் பற்றிக் கேட்பார். அவர்கள் எல்லாரும் பச்சையையே சொல்வார்கள். அப்பா ஓம், ஓம் என்று கேட்டுவிட்டு, சந்திவரைக்கும் வந்த தூண் இன்னும் அரை மைல் வராதோ என்று கேட்பார். அவர்கள் சிரிப்பார்கள், அல்லது வானத்தைப் பார்ப்பார்கள். ஐயர் மட்டும், எல்லாம் அவன் செயல் என்றார். அது எந்த நிறம் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

மாமா பளையிலிருந்து வரும்போதெல்லாம் இதே கதைதான். அவர் அம்மாவின் தம்பி. எதையும் யோசிக்காமல் வாங்கிவிட்டுப் பிறகு யோசிப்பவர்.

“கறண்ட் இல்லாத வீட்டிலை கறண்ட் மெசினைப் பற்றி என்ன யோசனை, அத்தான்?” என்று கேட்டார்.

“கறண்ட் வராமலே விட்டிடுமே?” என்றார் அப்பா.

குசினிக்குள் இருந்த அம்மா, “என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு ஒரு தேத்தண்ணி குடிச்சு முடியிறதுக்கிடையிலை ஓம் எண்டவர். இந்த இரும்புக்கு இத்தனை மாசம்” என்று சட்டிக்குச் சொல்வதுபோலச் சொன்னா.

கார்த்திகை மாதம் விதைப்பு மும்முரமாக இருந்த ஒரு நாள், உழவு இயந்திரக்காரர் ஒருவர் பின் ரயரோடு வந்தார். மழை விட்டிருந்த நேரத்துக்குள் உழுதுவிட வேண்டும் என்று அந்தரப்பட்டார். அப்பா ஒட்டி முடித்தார். நானும் அக்காவும் பம்பைப் பிடித்தோம். பாதி ரயர் நிறைவதற்குள் பம்பின் உள்ளே இருந்த தோல் வாசர் கிழிந்து, காற்று கீழே போகாமல் எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. அப்பா ஒரு பழைய செருப்புத் தோலை வெட்டிப் போட்டார். அதுவும் கிழிந்தது. அந்த மனிதர் மேலும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ரயரை உருட்டிக்கொண்டு ரவுணுக்குப் போனார். அவர் ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அம்மா கைகட்டிக்கொண்டு வாசலில் நின்றா. “இப்பவாவது ஒரு முடிவு எடுங்கோவன்” என்றா.

“யோசிப்பம்” என்றார் அப்பா.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கை எரிந்ததால் அல்ல, அந்தச் சொல்லைக் கேட்டதால். இவரை நிறுத்தி வைத்திருப்பது ஒரே ஒரு கேள்விதான், அதற்கு யாராவது ஒரு பதிலைச் சொல்லித் தொலைத்தால் இந்தக் கதை முடிந்துவிடும் என்று பட்டது. வராது என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தாயிற்று. மிச்சமிருந்தது மற்றப் பதில்தான்.

“வாற பொங்கலுக்கு முதல் எங்கடை ஒழுங்கைக்குக் கறண்ட் வருமாம்” என்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். “ஆர் சொன்னது?”

“கணக்கு மாஸ்டர். அவரின்ரை தம்பி கறண்ட் ஒப்பீசிலை வேலையாம்.”

கணக்கு வாத்தியாருக்குத் தம்பி இருக்கிறாரா என்றே எனக்குத் தெரியாது. பகிடிகூட விடாத மனிதர் என்பதால் அவர் பெயர் வாயில் வந்தது. அப்பா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கிழிந்த வாசரை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

இரண்டு நாள் கழித்து, பின்னேரம் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு சைக்கிளில் எங்கேயோ போய் வந்தார். திரும்பவும் கடைக்குத்தான் என்று நினைத்தேன். அதற்கு அடுத்த நாள் ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் நீலக் கொம்பிரசர் வந்து இறங்கியது.

அம்மா படியில் அப்படியே குந்திவிட்டா. அந்த வார இறுதியில் வந்த மாமா இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதை வாயால் ஊதியா இயக்குவது என்று கேட்டார். அப்பா தூசு படியாமல் அம்மாவின் பழைய சேலை ஒன்றால் அதை மூடினார். நானும் அக்காவும் புது வாசர் போட்ட கைப்பம்பை மறுபடி பிடித்தோம்.

கணக்குப் பாடம் வருகிற நாட்களில் நான் கடைசி வரிசையில் போய் இருக்கத் தொடங்கினேன். பொங்கல் வந்தது, போனது. சந்தியில் நின்ற தூண்கள் அங்கேயே நின்றன. வீதியில் போகிறவர்கள் கறண்ட் வந்துவிட்டதோ என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் அப்பாவிடம் போய், நான் பிழையாகக் கேட்டுவிட்டேன் போல இருக்கிறது என்று இழுத்தேன். அவர் ஒரு சைக்கிள் சில்லுக்குக் கம்பி இறுக்கிக்கொண்டிருந்தார்.

“வரேக்கை வரும், பிள்ளை” என்றார். அவ்வளவுதான்.

மாசி முடிவதற்குள் அவரே வழி கண்டுபிடித்தார். ஒரு பழைய தண்ணீர் மெசினின் மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கழற்றி, கொம்பிரசரின் கறண்ட் மோட்டர் இருந்த இடத்தில் பூட்டி, பட்டி போட்டு இழுத்தார். ஊரைக் கூட்டுகிற சத்தத்தோடு அது ஓடியது. ரயர்கள் நிறைந்தன. விட்டுப்போன ஆட்கள் திரும்பி வந்தார்கள். கடைசியில் எங்களிடம் இருந்தது பச்சைக் கொம்பிரசரே, நிறம் மட்டும் நீலம். இதைச் செய்யவா பதினொரு மாதம் என்று அம்மா கேட்டா. கழற்றிய மோட்டரை அப்பா எண்ணெய்ச் சீலையில் சுற்றி அலுமாரிக்குள் அம்மாவின் கூறைச் சேலைக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்கு நடந்த சண்டை தனிக்கதை.

நான் தப்பிவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். அப்பா ஒரு நாளும் கணக்கு வாத்தியாரைப் பற்றிப் பேசவில்லை. வெகுளி, அதனால் நம்பிவிட்டார், பிறகு மறந்தும்விட்டார் என்று எனக்குள் முடிவு கட்டியிருந்தேன். சில வருடங்கள் கழித்து, பள்ளிக்கூடத்தை விட்டு விலகும்போது கடிதம் வாங்கப் போனேன். கணக்கு வாத்தியார் கையெழுத்து வைத்துத் தந்துவிட்டு, உங்கள் வீட்டுக்குக் கறண்ட் வந்துவிட்டதா என்று கேட்டார். நான் கடிதத்தை மடிக்கத் தொடங்கினேன்.

ஒரு பின்னேரம் அப்பா வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்கு வந்ததை வாத்தியாரே சொன்னார். கொம்பிரசர் வாங்க முன்னம்தான். கறண்ட் பற்றிக் கேட்டாராம். அப்படி ஒன்றும் தான் சொல்லவில்லை, தனக்குத் தம்பியும் இல்லை என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். பிள்ளையைக் கூப்பிட்டுக் கண்டிக்கட்டுமா என்றும் கேட்டிருக்கிறார்.

“வேண்டாம் எண்டார். ‘நீங்கள் சொன்னதாவே இருக்கட்டும், மாஸ்டர்’ எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போனவர்.”

வாத்தியாருக்கு அது கடைசிவரை விளங்கவில்லை. எனக்கும் அன்று விளங்கவில்லை. ஏமாந்தவர் அப்பா இல்லை, நான்தான் என்ற வெட்கம் மட்டுமே இருந்தது. எந்தக் கொம்பிரசர் நல்லது என்றுதான் அவர் பதினொரு மாதமாக ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தார் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். எங்கள் ஒழுங்கைக்கும் ஒரு வெளிச்சம் வரும் என்று யாராவது ஒருவர் வாயால் கேட்கத்தான் அவர் அலைந்திருக்கிறார். அத்தனை பேரில் அதைச் சொன்னது நான் ஒருத்திதான். நான் சொன்னது பொய் என்று தெரிந்த பிறகும், அவருக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.