தேங்காயை விடாத கை

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். கோயில் மதிலோரம் சாக்கு விரித்துத் தேங்காய் விற்கத் தொடங்கி, அதே தெருவில் மூன்று பூஜைக் கடை போட்டேன். காயைச் சுண்டிய சத்தத்திலேயே அழுகலா என்று சொல்லிவிடுவேன். இந்த ஊரில் அதற்கு எனக்கு இணையாக ஒருத்தர் கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசியில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கால் தேறியது, தோளும் ஓரளவு தேறியது. விரல்கள் மட்டும் மடங்கியே கிடந்தன. எதையும் பிடிப்பேன், பிடித்ததை விட முடியாது. சாமிக்கு வாங்குகிற தேங்காயை இடக்கையால் கொடுத்தால் யார் வாங்குவார்கள்? வலக்கையாலேயே நீட்டினேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"யோவ், குடுக்கிறியா, நீயே வச்சிக்கிறியா?"

என் மனைவி ஓடிவந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயை எடுத்துக் கொடுத்தாள். "நீங்க வூட்டுல இருங்க. கடைய நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் போட்ட கடையில் எனக்கே இடமில்லாமல் போய்விடுமோ என்று அன்றைக்குத்தான் பயந்தேன்.

பக்கத்து ஊரான வேங்கிக்காலில் கைகால் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது. முன்னங்கையில் ஒரு பட்டையைக் கட்டினாள். புறங்கைக்கு மேலே வளைந்த கம்பிகள்; ஒவ்வொரு கம்பியிலும் ஒரு ரப்பர்; ரப்பர் நுனியில் விரல் நுழையத் தோல் வளையம். மாட்டியதும், மாதக்கணக்காக மூடிக் கிடந்த கை தானாக விரிந்தது. சன்னதியில் திரை விலகினதுபோல் இருந்தது.

"மூடறதுதான் உங்க வேலைங்கப்பா. தொறக்கறத ரப்பர் பாத்துக்கும்."

"இன்னும் ஜாஸ்தியா போடும்மா. காசப் பத்திக் கவலப்படாத."

"ஜாஸ்தி போட்டா கை சும்மா குந்திக்கும். போகப்போக கம்மிதான் பண்ணுவேன்."

அதை மாட்டிக்கொண்டே கடையில் நின்றேன். "இன்னாண்ணே, கையில ஆன்டெனா? படம் தெளிவா வருதா?" என்றார் பக்கத்துக் கடைப் பூக்காரர். கேட்டுக்கொள்ளட்டும். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் என்னிடமே காய் வாங்கிப் போனார்கள்.

ஒரு பௌர்ணமி. மத்தியானத்திலிருந்தே கிரிவலக் கூட்டம் நெரிந்தது. எடுப்பதும் நீட்டுவதுமாக இருந்தேன். திடீரென்று என் மனைவி கத்தினாள்.

"ஐயோ, ரப்பர் எங்கங்க?"

டாக்டரம்மா அப்போது இரண்டே ரப்பரைத்தான் விட்டுவைத்திருந்தாள். வெயிலில் இற்றுப்போய் இரண்டுமே அறுந்திருந்தன. எந்தக் காயைக் கொடுக்கும்போது அறுந்தன என்று எனக்கும் தெரியாது.

"தெரியலியே. இரு, பாக்கலாம்" என்று ஒரு தேங்காயை எடுத்து அவளிடமே நீட்டினேன். விரல்கள் மெதுவாக, தாமாக விரிந்தன. காய் அவள் கைக்குப் போய்விட்டது. இரண்டு பேரும் அந்த வெறுங்கையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இன்னாங்க, வியாபாரம் உண்டா இல்லியா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் சத்தம் போட்டார்.