நல்ல பாகத்தின் மேல் ஒரு சீட்டு

தொண்ணூறுகளின் கடைசியில் ஓசூரிலிருந்து தினமும் பேருந்தில் பெங்களூர் போய், ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். காலை மூட்டத்தில் சாலையோரத் தைல மரங்கள் வேரில்லாமல் மிதப்பதுபோல இருக்கும். அக்காவின் சினைப்பையில் புற்றுக்கட்டி என்று தெரிந்த மாதம் அவளும் என்னோடு வந்தாள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க.

அக்கா கடிகாரத் தொழிற்சாலையில் உதிரிபாகங்களைச் சோதிப்பவள்.

"கட்டியில கொஞ்சம் உங்க லேபுக்குக் கேக்குறாங்களாமே. அதுல என்னடி பாப்பீங்க?"

எனக்கு எதையும் வரிசைப்படுத்தித்தான் சொல்ல வரும். ஒன்று, கட்டி வளராமல் தடுக்கும் மரபணுக்கள் எல்லோருக்கும் உண்டு. இரண்டு, சில கட்டிகளில் அந்த மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. மூன்று, இருந்தும் அது வேலை செய்யாது. மெத்தில் என்ற சின்ன வேதிக்குறி அதன்மேல் ஒட்டியிருக்கும். அந்தக் குறியை வைத்து நோயை முன்பே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் எங்கள் வேலை.

அக்கா ஜன்னலில் படிந்திருந்த ஈரத்தை விரலால் துடைத்தாள்.

"நல்ல பார்ட்டு மேல 'நிறுத்தி வை'ன்னு ஹோல்டு சீட்டு ஒட்டுன மாதிரி. பார்ட்டுல ஒரு கொறையும் இருக்காது. ஆனா சீட்டப் பாத்துட்டு எவனும் எடுத்து மாட்ட மாட்டான்."

நான் வருடக்கணக்கில் படித்தது அவளுக்கு அடுத்த ஊரான அத்திப்பள்ளி வருவதற்குள் புரிந்துவிட்டது.

"அப்ப எனக்குச் சீட்டு இருக்கான்னு நீ பாத்துச் சொல்லிருவ. அதுக்கேத்த மருந்து குடுத்துருவாங்க," என்று சிரித்தாள். பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் கன்னடத்தில் என்னைப் பற்றிப் பெருமையும் அடித்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். நான் பயணச்சீட்டைச் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனையில், கட்டியில் ஒரு துண்டை ஆய்வுக்குக் கொடுப்பதற்கான ஒப்புதல் படிவம் வந்தது. அவள் பேனாவைத் திறந்தபோது கையைப் பிடித்தேன்.

"அக்கா, பேரை எடுத்துட்டு நம்பர் போட்டுத்தான் அனுப்புவாங்க. எது உன்னுதுன்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சாலும் உன் வைத்தியத்துக்கு இப்ப உதவாது."

"இத பஸ்ஸுலயே சொல்றதுக்கு என்னடி?"

"நீ சிரிச்சிட்டிருந்த."

கோணலான பாகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"என் பொண்ணுக்காவது உதவுமா?"

"தெரியலக்கா."

"எதக் கேட்டாலும் தெரியல. இதுக்கா இத்தன வருசம் படிச்ச?"

சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். தொழிற்சாலைப் பழக்கத்தில் பக்கத்திலேயே நேரத்தையும் 'முதல் ஷிப்ட்' என்றும் எழுதினாள். நர்ஸ் அதை விசித்திரமாகப் பார்த்தார்.

அறுவை சிகிச்சை முடிந்து அக்கா வார்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த வாரத்தில் எங்கள் ஆய்வகத்துக்கு மாதிரிகள் வந்தன. உலர்பனியின் வெண்புகைக்குள் ஏழு குழாய்கள், ஏழு எண்கள். எது அவள் என்று தெரியாததால் ஏழு குழாய்களையுமே மெதுவாக எடுத்தேன்.