வியர்த்த குதிர்

நிலத்தை விற்றுவிட வேண்டும் என்று ஒரு தை மாதம் என் மூத்தார் வந்து உட்கார்ந்தார். மூத்தார் என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்த எழுபதுகள் அவை. அவருக்கு ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன் வேலை, காக்கி உடுப்பு, அதற்கேற்ற மிடுக்கு. எளாவூர்ப் பக்கத்து நிலம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் கைமாறும்.

“இந்த மண்ணக் கட்டிக்கினு எதுக்கும்மா பேஜாரு? இது வருசம் பூரா சோறு போடுமா? கம்பெனியாண்ட ரூம் எடுத்துக்கினு ஜம்முனு இருங்க” என்றார்.

என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தவிடு வைக்கிற சாக்கில் நழுவிவிட்டார். அண்ணன் எதிரே அவருக்கு வாய் வராது. எனக்கு வந்தது.

“அடுத்த தை வரைக்கும் கடையில அரிசி வாங்க மாட்டேன், மாமா. ஒரு படி வாங்கினாலும் நீங்க காட்டுற எடத்துல கையெழுத்து. வாங்கலைன்னா இந்தப் பேச்சையே உட்டுடணும்.”

“சரிதாம்மா, பாக்கலாம்” என்று சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, வயிறு எரிந்தது எனக்கு.

வாய் விட்டாயிற்று, இனி கைதான் பேச வேண்டும். அறுத்த நெல்லைக் கொட்டி வைக்க நானே மண் குதிர் செய்தேன். நான் திருவாலங்காட்டுப் பக்கத்துப் பெண். ஏரி மண்ணில் வைக்கோலைப் போட்டு மிதித்து, வளையம் வளையமாக ஏற்றிக் குதிர் கட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. மண்ணை என் வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுவந்தார். வெண்ணெய் மாதிரி குழைந்தது. காய்ந்தபோது ஒரு விரிசல் கிடையாது. ஆள் உயரத்துக்கு நின்ற அதைப் போகிற வருகிற பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்த வருஷம் உப்பும் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் தவிர எதற்கும் கடைப்பக்கம் போகவில்லை. கூரைமேல் சுரை, கிணற்றடியில் கீரை, கொல்லையில் கோழி. நெல்லை மிச்சம் பிடிக்க ஆடி முழுக்கக் கேழ்வரகுக் கூழ். என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கினார். தூக்கட்டும் என்று இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு காலையில் பார்த்தால் குதிர் வியர்த்திருக்கிறது! கூரை ஒழுகவில்லை, தரை காய்ந்திருக்கிறது, குதிர் மட்டும் நசநசவென்று ஈரம். உள்ளே கைவிட்டேன். ஓரத்து நெல் சூடேறிக் கிடந்தது. ஏதோ தோன்றி, சுவரைத் தடவிய விரலை நாக்கில் வைத்தேன். உப்பு!

“யோவ்! எங்கய்யா எடுத்த இந்த மண்ண?”

“கடலாண்ட கழியோரந்தான். துணி வெளுக்க எடுப்பாங்களே, அந்த மண்ணு. ஏரி தூரமாச்சேன்னு...”

“அடப்பாவி மனுசா!”

உவர்மண் மழைக்காற்றில் ஈரத்தை உறிஞ்சும் என்று கடலோரத்தில் பிறந்தவருக்குத் தோன்றவில்லை. மண்ணில் உப்பு இருக்கும் என்பதே ஏரிக்கரையில் வளர்ந்த எனக்குத் தெரியாது. தலையில் கைவைத்து அழுதேன். அழுது முடித்ததும் கடப்பாரையை எடுத்துக் குதிரை உடைத்தேன்.

நடுவில் இருந்த நெல் தப்பித்தது. அதை வீட்டுக்குள் பரப்பினோம். ஓரத்து நெல்லைக் காயவைக்க வெயில் இல்லை. வெயில் இல்லாவிட்டால் என்ன, அடுப்பு இருக்கிறதே! முளைவிடுவதற்குள் அவல் ஆக்கிவிடலாம் என்று இறங்கினேன். ஊறவைத்து, வடித்து, பெரிய சட்டியில் பொரியப் பொரிய வறுத்து, சூடு ஆறுமுன் உரலில் போட்டு இடித்தோம். பக்கத்து வீட்டுக்காரி தன் உலக்கையோடு வந்து எதிரே நின்றாள். என் வீட்டுக்காரர் அடுப்பெரித்தார். தோள் கழன்றுவிடும்போல வலித்தது. பானை பானையாக அவல் நிறைந்தது.

மண்ணில் உப்பு என்று நான் குதிரை உடைத்த செய்தி கேட்டு மூத்தார் மழையில் நனைந்துகொண்டே வந்தார்.

“இன்னாம்மா, எந்தக் கடையில அரிசி வாங்கின?”

ஒரு கிண்ணம் அவலில் எங்கள் மாட்டு மோரை ஊற்றி, பச்சைமிளகாய் கிள்ளிப் போட்டு நீட்டினேன். தின்றார். கிண்ணத்தைத் திரும்ப நீட்டினார். கம்பெனிப் பக்கம் தெருவெல்லாம் தண்ணீராம், லாரி வராமல் கடையில் அரிசியே இல்லையாம். புறப்படும்போது துண்டை விரிக்கவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றார். நானே துண்டை வாங்கி அவலைக் கொட்டி முடிந்து கொடுத்தேன். எனக்கு அப்போது எப்படி இருந்தது என்கிறீர்கள்? ராணி மாதிரி இருந்தது!

தை வந்தது. ஒரு படி அரிசி வாங்கவில்லை. புது நெல் களத்துக்கு வந்த அன்று வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. வண்டி நிறையக் கருப்பாக மண். மேலே காக்கி உடுப்போடு மூத்தார், உதட்டோரத்தில் சேறு.

“ஏரி மண்ணும்மா. நாக்குல வெச்சுப் பாத்துட்டேன், உப்பு இல்ல. குதிரக் கட்டு” என்றார்.