பெட்டியில் இல்லாத கைத்தட்டல்

"பாட்டுல என் பேரு வரணும் சார்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று, சேர்ந்த அன்றைக்கே ஒயர் மாமா சொல்லியிருந்தார். இசையமைப்பாளரான சாரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ரிப்பேர் வேலையெல்லாம் அவர்தான். நான் கேட்டுவிட்டேன். நான் தாளம் அமைத்த பாட்டுகள் மூன்று வெளிவந்தாயிற்று. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக டிகிரி வாங்கியவள் நான். ஒவ்வொரு பாட்டுக்கும், "இதுல உன் பேரு எங்கடி?" என்கிறாள் அம்மா. எத்தனை தடவை மழுப்புவது?

சார் கோபப்படவில்லை. மேஜை மேலிருந்த பழைய டிரம் மெஷினைத் தட்டிக் காட்டினார்.

"இத்தனை ஹிட்டுக்கும் தாளம் போட்டது இந்தப் பெட்டி. என்னைக்காவது பேரு கேட்டுச்சா?"

சாப்பிடக் கிளம்பியவர் வாசலில் நின்றார். "நான் வர்றதுக்குள்ள இதுல அந்த லேட் கிளாப்பை வர வை. அப்புறம் பாக்கலாம்."

இனி எழுதப்போவது சத்தியமாக நடந்தது. அதுவும் பட்டப்பகலில். ஜன்னலே இல்லாத அறைக்குப் பகலென்ன, இரவென்ன?

லேட் கிளாப் என்பது தாளத்துக்கு மயிரிழை பின்னால் விழும் கைத்தட்டல். பஸ்ஸில், டீக்கடையில், சலூனில் சாரின் பாட்டுகள் ஓடியதே அதனால்தான். அது அந்தப் பெட்டியின் கோளாறு என்றுதான் இசைத்தொழிலில் எல்லோரும் நம்பினார்கள். அதே மாடலைத் தேடிப்பிடித்து வாங்கிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் வரவில்லை.

எனக்கும் வரவில்லை. பதினாறு பட்டன்கள். எதை அழுத்துகிறோமோ அங்கேதான் அடி விழும். முந்தாது, பிந்தாது. கிளாப்பை வைத்தேன். சத்தமே இல்லை. கிளாப்பின் ஒலிக் குமிழை முழுக்கத் திருகினேன். ம்ஹூம். பதிவை ஓடவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடி தட்டிவிட்டேன். மணி 2.10.

டும்... டும்...

டப்.

வந்துவிட்டது! மயிரிழை பின்னால், அச்சு அசலாக அதே கிளாப். அம்மாவுக்குப் போன் போடப் போனேன்.

அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு தட்டலுக்கும் முன்னால்... யாரோ மூச்சை இழுக்கிறார்கள்.

பெட்டிக்கு ஏது மூச்சு?

கிளாப் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருகினேன்.

டப்.

பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டியின் விளக்குகள் அணைந்தன. டிரம் நின்றது.

டப்... டப்...

ஹெட்போனைக் கழற்றினேன். அறை நிசப்தம். மாட்டினேன். டப்.

மிக்ஸரைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடகர் நிற்கும் அறை. காலையில் அங்கே மைக்கை அணைக்க மறந்திருக்கிறேன். ஒவ்வொரு தட்டலுக்கும் அந்த மைக்கின் பச்சை விளக்கு துள்ளியது.

உள்ளே இருட்டு.

தட்டல் வேகமெடுத்தது. அதில் தாளம் இல்லை இப்போது. யாரையோ கூப்பிடுகிற தட்டல்...

ஓடினேன். அந்தக் கதவுக்கு வெளியேதான் தாழ்ப்பாள். இழுத்தேன்.

யாருமில்லை.

வெந்நீர் ஆவிபோலக் காற்று முகத்தில் அடித்தது.

நான் போட்ட சத்தத்தில் ஒயர் மாமா ஓடிவந்தார். சொன்னதைக் கேட்டுவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே ஓரிடம் காலியாக இருந்தது.

"கிளாப் சத்தம் தர்ற சர்க்யூட் போர்டு இருந்த இடம். வாங்கின வருஷமே எரிஞ்சுபோச்சு. நான்தான் பிடுங்கிப்போட்டேன்."

"அப்போ பாட்டுல கேக்குறது?"

"ஒரு பொண்ணும்மா. உள்ள நின்னு கையால தட்டும். ஒருநாள் பேரு கேட்டுச்சு. 'நீ உள்ள போ, பேசலாம்'னாரு சார். வெளிய தாழைப் போட்டுட்டு, எங்களுக்கும் லீவு விட்டுட்டு ஊருக்குப் போயிட்டாரு. மறந்துட்டேன்னாரு, விபத்துன்னு எழுதி முடிச்சுட்டாங்க. உள்ள எவ்வளவு தட்டினாலும் வெளிய கேக்காதும்மா. லீவு முடிஞ்சு நான்தான் திறந்தேன். ரெண்டு உள்ளங்கையும்..."

முடிக்கவில்லை. சார் வந்துவிட்டார். பதிவைக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"வந்துருச்சு பாத்தியா! சரி, பேருதானே? நீ உள்ள போ, பேசலாம்."

மாமாவின் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தேன். அதை வாங்கினேன். தாழ்ப்பாளின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

"ஏய், என்ன பண்றே?"

"பெட்டி பேரு கேட்டுச்சான்னீங்கல்ல சார்? கேட்டுக்கிட்டேதான் இருக்கு."

தாழ்ப்பாளைப் பைக்குள் போட்டேன். பதிவு ஏற்கெனவே என் பென்டிரைவில். போலீஸ் ஸ்டேஷன் இரண்டு தெரு தள்ளி. "மாமா, வர்றீங்களா?" என்றேன். அவர் பெட்டியின் மூடியைத் திரும்ப மாட்ட ஆரம்பித்தார்.

தனியாகத்தான் நடந்தேன். வெளியே நல்ல வெயில்.

என் ஒவ்வொரு அடிக்கும், மயிரிழை பின்னால்...

டப்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.