கழுத்துப்பட்டி கட்டிய தக்காளிச் செடிகள்

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். பின்னால் இருந்த துண்டு நிலமும் எங்களுக்குத்தான். என் கணவர் யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் கணக்கு எழுதியவர். லண்டனிலும் அதே மாதிரி வேலை கிடைக்கும் என்று நம்பி, சூட்கேசில் பாதியை டை என்கிற கழுத்துப்பட்டிகளால் நிரப்பிக்கொண்டு வந்தார். கிடைத்தது பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. அங்கே கொடுத்த சட்டைக்குக் காலரே இல்லை. பட்டிகள் அலுமாரிக் கதவில் வரிசையாகத் தொங்கின.

ஒரு வசந்தத்தில் அவர் சந்தையிலிருந்து தக்காளிக் கன்றுகள் வாங்கிவந்து நட்டார். ஜூலைக்குள் அவை இடுப்பளவு வளர்ந்து, காய் பிடித்து, பாரம் தாங்காமல் மண்ணில் சரிந்தன. நத்தைகளுக்குக் கொண்டாட்டம். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த வெள்ளைக்கார அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, தடி நட்டுக் கட்டச் சொன்னார். முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். ஆட்களை உள்ளே நகரச் சொல்லிப் பழகிய குரல் என்பதால் யாரும் மறுப்பதில்லை.

என் கணவர் தெருவில் யாரோ எறிந்திருந்த திரைச்சீலைக் கம்பி, விளக்குமாற்றுத் தடி, உடைந்த கட்டில் சட்டம் எல்லாம் பொறுக்கிவந்து நட்டு, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். கயிறு தண்டை அறுத்தது. அந்த அம்மா மறுபடியும் எட்டிப் பார்த்தார். மெத்தென்று ஏதாவது வேண்டுமாம். தன்னுடைய பழைய நைலான் ஸ்டாக்கிங்ஸ் ஒரு பை நிறைய இருக்கிறதாம், தருகிறாராம்.

இவருக்குக் காது சிவந்துவிட்டது. உள்ளே வந்து என்னிடம் கிசுகிசுத்தார்.

"அவவின்ர காலில கிடந்ததை நான் எப்பிடிக் கையால தொட்டுக் கட்டுறது? ஆரும் பாத்தா என்ன நினைப்பினம்?"

"தோய்ச்சுத்தானே தருவா?"

"தோய்ச்சாலும் ஏலாது. உம்மட பழைய சீலை ஒண்டு..."

"என்ர சீலையில கை வைச்சுப் பாருங்கோ, தெரியும்."

கொஞ்ச நேரம் அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை நான் துணி காயப்போட வெளியே போனபோது எல்லாச் செடிகளும் கழுத்துப்பட்டி அணிந்திருந்தன. அவருக்குத் தெரிந்தது ஒரே முடிச்சு. அந்த முடிச்சைத்தான் போட்டிருந்தார். டூட்டிங்கிலிருந்து வந்த என் தம்பி சிரித்துச் சிரித்துப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அத்தான், இதில ஆர் மனேஜர்?"

"அந்தச் சிவப்புக் கோடு போட்டவர்" என்று மிக உயரமான செடியைக் காட்டினார். முகத்தில் சிரிப்பே இல்லை.

ஆகஸ்டில், அவர் விண்ணப்பம் போட்டிருந்த ஓர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. கணக்குப் பிரிவில் வேலை, நாளைக்கே நேர்முகத் தேர்வு. கோட்டு இருந்தது, வெள்ளைச் சட்டை இருந்தது. பட்டிகள் மட்டும் தோட்டத்தில் வேலையாக இருந்தன. வெயிலிலும் மழையிலும் வெளிறாமல் தப்பியது அந்தச் சிவப்புக் கோடு ஒன்றுதான். நான் செடியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொள்ள, அவர் முடிச்சை அவிழ்த்தார். வேலிக்கு மேலால் ஒரு கை நீண்டது. அதில் ஒரு ஸ்டாக்கிங். அவர் வேறெங்கோ பார்த்தபடி அதை வாங்கிக் கட்டினார்.

தோய்த்தால் காலைக்குள் காயாது. அப்படியே இஸ்திரி போட்டேன். சூடு பட்டதும் தக்காளி இலை வாசம் குப்பென்று கிளம்பி வீடெல்லாம் நிறைந்தது.

அடுத்த நாள் பின்னேரம் களைத்துப்போய்த் திரும்பிவந்தார்.

"என்ன கேட்டவை?"

"தக்காளி."

"என்ன?"

"மூண்டு பேர் இருந்தவை. நடுவில இருந்த மனுசன் மூக்கைச் சுருக்கிச் சுருக்கி மணந்து பாத்தார். பிறகு, தக்காளி வளக்கிறீரோ எண்டார். ஓம் எண்டன். பக்கத்தில வாற துளிரைக் கிள்ளிறனீரோ எண்டார். இல்லையெண்டன். மனுசன் நெத்தியில அடிச்சுக்கொண்டார், கிள்ளாட்டிக் காய் பெருக்காதாம்."

"கணக்கைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையோ?"

"கடைசியில ஒண்டு கேட்டவை. அதுக்குள்ள மற்ற ரெண்டு பேரும் தேத்தண்ணிக்கு எழும்பிட்டினம்."

சொல்லிவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் தோட்டத்துக்குப் போய்த் துளிர்களைக் கிள்ளத் தொடங்கினார். வேலை கிடைக்காது என்ற கோபமோ என்னவோ, கண்ணில் பட்டதையெல்லாம் கிள்ளினார். "காயை விடுங்கோ!" என்று நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்காவிட்டால் அந்த வருடம் எங்களுக்குத் தடிகள் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

ஆனால் வேலை கிடைத்துவிட்டது. செய்தி வந்த அன்று அவர் குசினி வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டார். ஏற்கெனவே பளபளத்த சப்பாத்து அது. நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பழுத்த தக்காளிகளை ஒரு பையில் மேலதிகாரிக்குக் கொண்டுபோனார்; நேர்முகத் தேர்வில் நடுவில் இருந்த அதே மனுசன்தான். பதிலுக்கு அவர், தன் தோட்டத்தில் விளைந்த பெரிய பச்சைக் காய் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். வெள்ளரிக்கும் பூசணிக்கும் நடுவில் ஏதோ ஒன்று, கைக்குழந்தை அளவு. கோட்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவருக்கு பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாளாம். வெட்டினால் உள்ளே முழுக்கத் தண்ணீர். தேங்காய்ப்பால் விட்டு, மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டுக் கறியாக்கினேன். அப்படியும் ஒரு ருசியுமில்லை.

"நல்லா இருந்தது எண்டு நாளைக்குச் சொல்லுங்கோ, மரியாதைக்கு" என்றேன்.

சொல்லியிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு காய்களோடு வந்து நின்றார்.